சரக்கு லோகோவுக்கு மஞ்சள் பட்டை எதற்கு? ஒற்றைக் கேபின் போதாதா?

தேக்கா_டீசல்:
சரக்கு லோகோவை, அதாவது சரக்கு ரயிலை இழுக்கும் இஞ்சினை, ஒரே அடர்நிறத்தில் அடித்து அனுப்புவதே சரி என்பது என் கட்சி. இந்தியாவின் டபிள்யூஏஜி-9 மின்சாரச் சரக்கு லோகோவின் பச்சையில் ஓடும் மஞ்சள் பட்டை கொஞ்ச நாளில் எப்படி ஆகிறது பாருங்கள். பிரேக் கட்டையிலிருந்து சூடாகப் பறக்கும் இரும்புத்தூள் பெயின்டில் பதியும், ஈரம் பட்டால் துருப்பிடிக்கும். அதை எடுக்க ஆக்ஸாலிக் அமிலக் கழுவல். ஒவ்வொரு கழுவலும் பளபளப்பைத் தின்னும், பளபளப்பு போன இடத்தில் அழுக்கு இன்னும் சீக்கிரம் ஒட்டும். இது போதாதென்று நிறம் ஒன்று கூடினால் மற்ற நிறத்தில் படாமல் மறைத்து ஒட்டும் மாஸ்கிங் ஒன்று, காயவிடும் நேரம் ஒன்று. அதுவரை லோகோ ஷெட்டில் சும்மா நிற்கும்.

பட்டைக்காரி:
பக்கவாட்டுக்கு நீங்க சொல்றதை ஒத்துக்கிறேன் அண்ணே. முகப்புக்கு ஒத்துக்க மாட்டேன். பிரிட்டனில் 1960களில் முகப்பில் மஞ்சள் அடிக்கத் தொடங்கியது அழகுக்கு இல்லை. நீராவி லோகோ வருவதைப் புகையும் சத்தமும் முன்கூட்டியே சொல்லிவிடும். டீசலும் மின்சார லோகோவும் அப்படிச் சொல்லாது. தண்டவாளத்தில் குனிந்து போல்ட் முடுக்குகிறவர் உயிர் அது.

தேக்கா_டீசல்:
அதே பிரிட்டனில் 2016 முதல் முகப்பு விளக்கு தரத்துக்கு இருந்தால் மஞ்சள் கட்டாயமில்லை. விளக்கின் வேலையைப் பெயின்ட் தலையில் கட்டாதீங்க.

பட்டைக்காரி:
ஒற்றை விளக்கு வருவதைத்தான் காட்டும், எவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டது என்று காட்டாது. அதனால்தான் மேலே ஒன்று, கீழே இருபுறமும் ஒவ்வொன்று என்று முக்கோணமாக வைக்கிறார்கள். நெருங்க நெருங்க முக்கோணம் விரிவது கண்ணுக்குத் தெரியும். ஒரு பல்பு போனால் அந்தக் கணக்கு போச்சு. மஞ்சள் ஃபியூஸ் ஆகாது.

துவாஸ்_பூச்சு:
ரெண்டு பேரும் பிரேக் தூசியையே பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். மஞ்சள் மங்குவதில் பாதி நிறமியின் குற்றம். பழைய மஞ்சளில் லெட் குரோமேட் இருந்தது. விஷம்தான், ஆனால் அடியிலுள்ள நிறத்தை நன்றாக மறைத்தது. அதை விட்ட பிறகு வந்த மலிவான கரிம மஞ்சள்கள் வெயிலில் வெளுக்கும், பச்சைமேல் நேரடியாக அடித்தால் அடி தெரியும். முதலில் வெள்ளை அடித்து அதன்மேல் இரண்டு பூச்சு வேண்டும். பிஸ்மத் வனடேட் மஞ்சள் தாங்கும், விலை கூடுதல். துரு நிற இரும்பு ஆக்ஸைடு வெளுக்கவே வெளுக்காது, அதுவும் அண்ணன் கட்சிக்கு ஒரு சாட்சி.

கீழே எபாக்ஸி பிரைமர், மேலே கடினமாக்கி கலந்து அடிக்கும் இரு பாகப் பாலியூரிதேன். எபாக்ஸியை வெயிலில் விட்டால் மாவு பூத்துவிடும். இங்கே சிங்கப்பூர்க் கப்பல் பட்டறையில் பின்பற்றும் விதி லோகோவுக்கும் அதேதான்: ஈரப்பதம் 85 விழுக்காட்டுக்குக் கீழே, இரும்பின் வெப்பம் பனிநிலையைவிட (காற்றின் ஈரம் நீர்த்துளியாகும் வெப்பநிலை) குறைந்தது 3 டிகிரி மேலே. நம்மூர் விடியற்காலையில் திறந்தவெளியில் அடித்தால் கடினமாக்கி காற்றின் ஈரத்தோடு வினைபுரிந்து வாயு விடும். பூச்சு முழுக்க ஊசிமுனைக் குமிழ் வரும்.

நீள்மூக்கு:
நிறத்துக்கு வாக்கெடுக்க வேண்டுமானால் எடுங்கள், 2016இல் நம்மூர் பஸ்ஸுக்குச் சிவப்பா பச்சையா என்று எடுத்த மாதிரி. கேபினுக்கு அப்படி முடியாது. இந்தியாவின் டபிள்யூடிஜி-4 டீசல், டிரைவர் கேபின் ஒரு முனையில் மட்டும் உள்ள ஒற்றைக் கேபின் லோகோ. அதற்கு இரண்டாவது கேபின் வைத்து டபிள்யூடிஜி-4டி வந்தது. வீண் செலவு லா. சரக்குக்கு லோகோக்கள் சோடியாகத்தானே போகின்றன? கேபினுக்குப் பின்னால் எஞ்சினை மூடியிருக்கும் நீளப் பகுதிதான் நீள ஹூட்; நீள ஹூட்டோடு நீள ஹூட்டைச் சேர்த்தால் இரு முனையிலும் கேபின் கிடைத்துவிடும். இரண்டு லோகோவுக்கு நான்கு கேபின், நான்கு ஏசி, நான்கு கண்ட்ரோல் மேசை எதற்கு? பிறகு வந்த அமெரிக்க நிறுவனம் ஜிஇயின் டபிள்யூடிஜி-4ஜி மறுபடியும் ஒற்றைக் கேபின்தான்.

பட்டைக்காரி:
சோடியில் ஒன்று பழுதானால்? மற்றது லோகோவைத் திருப்ப உதவும் திரும்புதட்டோ முக்கோணப் பாதையோ கிடைக்கும்வரை நீள ஹூட்டை முன்னால் தள்ளிக்கொண்டுதான் ஓடணும். டிரைவர் இடப்பக்கம் இருக்க, பாதை வலப்பக்கம் வளைந்தால் தண்டவாளமே தெரியாது, உதவியாளர் பார்த்துச் சொல்லணும். புகை கேபின் பக்கம் வரும். மலேசிய ரயில்வேயான கேடிஎம் இந்த வம்பே வேண்டாமென்று 26ஆம் வகுப்பு ப்ளூ டைகர், 29ஆம் வகுப்பு டாலியன் இரண்டிலும் இரு முனையிலும் கேபின் வைத்தது. பார்க்கணுமா, ஜொகூரிலுள்ள கெம்பாஸ் பாரு ஸ்டேஷனுக்குப் போங்க. 2011 ஜூன் 30க்குப் பிறகு சிங்கப்பூர்த் தஞ்சோங் பகாருக்கு ரயிலே இல்லை. பாசிர் கூடாங், தஞ்சோங் பெலேபாஸ் துறைமுகப் பாதைகள் கெம்பாஸ் பாருவில்தான் பிரிகின்றன.

நீள்மூக்கு:
லெவல் கிராசிங்கில் லாரி மோதினால் அந்த நீள ஹூட்தான் டிரைவருக்குக் கவசம். அமெரிக்காவில் நார்ஃபோக் அண்டு வெஸ்டர்ன் ரயில் நிறுவனம் வேண்டுமென்றே ஹூட்டை முன்னால் விட்டு ஓட்டியது.

துவாஸ்_பூச்சு:
கவசத்துக்கு இப்போது மூக்குக்குள்ளேயே தடித்த மோதல் தூண்கள் வைக்கிறார்கள், ஹூட் தேவையில்லை. ஒன்று மட்டும்: கேபினுக்கு முன்னாலுள்ள குட்டை மூக்கின் மேற்பரப்பு டிரைவர் கண்ணாடிக்கு நேர் கீழே வருகிறது. அங்கே பளபள மஞ்சள் வேண்டாம், வெயில் பட்டுக் கண் கூசும். மேற்பரப்பு மேட் கருப்பு, முகம் மட்டும் மஞ்சள்.

தேக்கா_டீசல்:
அப்போ போகியையும் (லோகோவின் அடியில் சக்கரங்களைத் தாங்கும் சட்டம்) கருப்பாகவே விடலாம்.

துவாஸ்_பூச்சு:
கூடாது அண்ணே. போகிக்கு இளஞ்சாம்பல். விரிசலும் எண்ணெய்க் கசிவும் கருப்பில் தெரியாது, டார்ச் அடித்துத் தேடணும்.

தேக்கா_டீசல்:
சாம்பல் போகியை யார் கழுவுவது?