மாடியில் செட், கீழே பேட்டரி

வினோத்: பெரியப்பா, என் ஹாம் ரேடியோ (அமெச்சூர் வானொலி) செட்டில் ஒரு சந்தேகம். கேட்கும்போது பிரச்சினை இல்லை, பேச பிடிடி பட்டனை அழுத்தினால் டிஸ்ப்ளே மங்குகிறது, 100 வாட் வைத்தால் அணைந்தே போகிறது. நேற்று 40 மீட்டர் அலைவரிசையில் ஒருவர் உங்கள் குரல் நடுங்குகிறது என்றார்

பெரியப்பா: கேட்கும்போது 1, 2 ஆம்பியர்தான் இழுக்கும். முழு பவரில் 20 வரை போகும். பேட்டரி எங்கே இருக்கிறது, என்ன வயர்?

வினோத்: இன்வெர்ட்டர் பேட்டரியிலிருந்துதான் எடுத்திருக்கிறேன். மாடிப்படிக்குக் கீழிருந்து ரூமுக்கு 5 மீட்டர். வீட்டு வயரிங்கில் மிச்சமான 2.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) வயர்

சுதா அத்தை: என்னது, இன்வெர்ட்டர் பேட்டரியா 😡 போன வாரம் கரண்ட் போனபோது பாட்டி ரூம் ஃபேன் சீக்கிரம் நின்றது இதனால்தானா

பெரியப்பா: சுதா, அந்தப் பஞ்சாயத்து அப்புறம். வினோத், ஆன்டெனாவுக்குப் பதில் டம்மி லோடு (பவரைச் சூடாக்கிவிடும் ரெசிஸ்டர்) போட்டு, எஃப்எம் முறையில் வைத்து அழுத்து, கரண்ட் ஒரே அளவில் நிற்கும். நீ வழக்கமாகப் பேசும் எஸ்எஸ்பி முறையில் கரண்ட் குரலோடு ஏறி இறங்கும், சாதா மீட்டர் அதைப் பிடிக்காது. செட் அணையாத அளவுக்குப் பவரைக் குறைத்துக்கொண்டு, அழுத்திப் பிடித்திருக்கும்போதே பேட்டரி முனையில் ஒரு ரீடிங், செட்டின் பின்பக்கம் ஒரு ரீடிங் எடு

வினோத்: 60 வாட்டில் பேட்டரியில் 12.4, செட்டில் 10.9

பெரியப்பா: பார்த்தாயா, 1.5 வோல்ட் வழியிலேயே போய்விட்டது. இந்த 100 வாட் செட்டுகள் பெரும்பாலும் 13.8 வோல்ட்டுக்குச் செய்தவை, 15 சதவீதம் கூடக் குறைய இருக்கலாம், அதாவது 11.7க்குக் கீழே போகக்கூடாது. உன் வயர் 5 மீட்டர் என்றாலும் பிளஸ்ஸில் போய் மைனஸில் திரும்புவதால் கணக்கு 10 மீட்டர். 2.5 ஸ்கொயர் செம்பில் அது கிட்டத்தட்ட 0.08 ஓம். 15 ஆம்பியர் ஓடுகிறது என்று வைத்தால் 1.2 வோல்ட். மீதி 0.3 எங்கே? ஃப்யூஸ் ஹோல்டரைத் தொட்டுப் பார்

வினோத்: சுடுகிறது! இரண்டு பக்கமும் மீட்டர் வைத்தால் 0.25 காட்டுகிறது

பெரியப்பா: அதேதான். கிட்டத்தட்ட 4 வாட் அங்கே சூடாகவே வீணாகிறது. ஃப்யூஸைக் கவ்வும் பல்லில் பிடிப்பு இல்லை, மாற்றிவிடு

மீனா: அண்ணா, கீழே ஒரு எஸ்எம்பிஎஸ் (கரண்ட்டை டிசியாக மாற்றும் பவர் சப்ளை) வைத்து வோல்டேஜை 15.5 ஆக ஏற்றிவிட்டால் மேலே சரியாக வந்துவிடாதா?

பெரியப்பா: நல்ல கேள்விதான் மா, ஆனால் பேசாதபோது வயரில் வோல்டேஜ் இழப்பு பெரிதாக இருக்காதே, கிட்டத்தட்ட 15.5 அப்படியே செட்டுக்குப் போகும். மேல் எல்லை 15.8, அதை ஒட்டி நாள் முழுக்க வைத்திருப்பதில் எனக்கு உடன்பாடில்லை. 10 ஸ்கொயர் போட்டால் இழப்பு நாலில் ஒரு பங்காகும், இன்று செம்பு விற்கும் விலைக்கு அதுவும் வேண்டாம். நான் சொல்வது, 12 வோல்ட் பக்கத்தைக் குட்டையாக்கு. தனியாக ஒரு லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி வாங்கி செட்டுக்குப் பக்கத்திலேயே வை, சார்ஜரை மாடி பிளக்கில் போடு. 300 வாட்டை 230 வோல்ட்டில் கொண்டுபோனால் 1.3 ஆம்பியர்தான், அதே வயரில் 0.1 வோல்ட் போகும், 230இல் அது தெரியவே தெரியாது. லித்தியம் முக்கால்வாசி தீரும்வரை 13ஐ ஒட்டியே நிற்கும், அது வேறு லாபம்

சுதா அத்தை: இன்வெர்ட்டர் பேட்டரியைத் தொடவே மாட்டான் என்றால் பாதிப் பணம் நான் தருகிறேன்

வினோத்: அத்தை ❤️ ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டேன். பெரியப்பா, பேட்டரியிலிருந்து செட்டுக்கு என்ன வயர்?

பெரியப்பா: ஒரு மீட்டருக்குள் 6 ஸ்கொயர் மல்டி ஸ்ட்ராண்ட் தாராளம், 20 ஆம்பியரில்கூட 0.15 தாண்டாது. வயர் முனையில் மாட்டும் லக்கை கட்டிங் பிளேயரால் நசுக்காதே, கிரிம்பிங் டூல் என்னிடம் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துப் போ. பிளஸ், மைனஸ் இரண்டிலும் ஃப்யூஸ் போடு, பேட்டரி முனையிலிருந்து ஒரு சாணுக்குள். கீழே மாட்டிய வயரை இன்றைக்கே கழற்று, அதில் ஃப்யூஸ் எந்தப் பக்கம் இருக்கிறது?

வினோத்: செட் பக்கம்

பெரியப்பா: இப்போதே கழற்று. அந்த பேட்டரியிலிருந்து வரும் 5 மீட்டர் வயர் நடுவில் எங்காவது ஷார்ட் ஆனால், செட் பக்கம் இருக்கும் ஃப்யூஸ் தடுக்காது, வயர்தான் எரியும்