பழைய சுண்ணாம்புச் சுவரில் பெயின்ற் நிற்கவில்லை: ஆலோசனை தேவை

கொக்குவிலில் உள்ள எங்கள் பழைய வீட்டின் சுவர்கள் சுண்ணாம்புக் கல்லாலும் சுண்ணாம்புச் சாந்தாலும் கட்டப்பட்டவை. அத்திவாரத்துக்கு மேல் ஈரத்தடுப்புப் படை இல்லை. சென்ற சித்திரையில் உள்ளும் வெளியும் எமல்சன் (நீரில் கலக்கும் பெயின்ற்) பூசினோம். மாரி முடிந்ததும், விறாந்தைச் சுவரில் நிலத்திலிருந்து 3 அடி உயரம் வரை பெயின்ற் பொருமி உரிந்து, அதன் கீழ் வெள்ளையாக உவர் பூத்திருக்கிறது. மேற்பகுதி பழுதின்றி இருப்பதால், இது கூரை ஒழுக்கு அல்ல, நிலத்து ஈரமே என்று நம்புகிறேன்.

உரிந்ததைச் சுரண்டி, உவரை உலர்ந்த தூரிகையால் தட்டி, காரம் தாங்கும் பிறைமர் (பெயின்ற்றுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) அடித்தும் பயனில்லை. ஒரு பக்கம் சீமெந்து பூசியபோது ஈரம் அதற்கும் மேலே ஏறிவிட்டது. இத்தகைய சுவர் ஈரத்தை வெளிவிட வேண்டும் என்பதால் இனிச் சீமெந்து வேண்டவே வேண்டாம்.

எமல்சனை முழுவதும் நீக்கிச் சுண்ணாம்பு வெள்ளை அடிக்க எண்ணுகிறேன். அதற்கு முன் சுவரை எவ்வளவு காலம் காயவிட வேண்டும்?