ரேஸ் புக்ல ஃபார்ம் (குதிரை இதுக்கு முன்னாடி ஓடுன விவரம்) எப்படி படிக்கிறது? புதுசா ஆரம்பிக்கிறேன்

ஓசூர்பையன்:
வணக்கம். எங்க பெரியப்பா கூட பெங்களூர் ரேஸ் கோர்ஸுக்கு போக ஆரம்பிச்சிருக்கேன். அவர் புக்கை ஒரு தடவ புரட்டிட்டே இது வராது, அது பிளேஸ்ல (முதல் சில இடத்துக்குள்ள) நிக்கும்னு சொல்றாரு, நிறைய தடவ சரியாவும் இருக்கு. எப்படின்னு கேட்டா பார்த்து பார்த்து வரும்டாங்கறாரு. எனக்கு டிப்ஸ் வேணாம், முறையா கத்துக்கணும். போன ரேஸ்ல ரெண்டாவது வந்த குதிரை அஞ்சாவது வந்ததை விட பெட்டர்தானே? ஆனா அடுத்த ரேஸ்ல அந்த அஞ்சாவது வந்தது ஜெயிச்சிடுது. எங்கிருந்து ஆரம்பிக்கிறது?

பழைய_கிண்டி:
தம்பி, எத்தனாவது வந்துச்சுங்கறதை கடைசியா பாருங்க. எந்த கிளாஸ்ல, எவ்ளோ வெயிட்டோட, எத்தனை லெங்த்ல (ஒரு லெங்த்னா ஒரு குதிரை நீளம்) தோத்துச்சுன்னு முதல்ல பாருங்க. ஹேண்டிகேப் ரேஸ்னா நல்ல குதிரைக்கு அதிக வெயிட் ஏத்தி சமம் பண்றது. குதிரையோட திறமைக்கு கொடுக்கற நம்பர் தான் ரேட்டிங். நம்ம ஊர்ல கிளாஸெல்லாம் ரேட்டிங் 20-45, 40-65ன்னு ஒண்ணு மேல ஒண்ணு ஏறி இருக்கும், ஒரு பாயிண்டுக்கு அரை கிலோ. இப்ப 44 ரேட்டிங் குதிரை ஒண்ணு இருக்கு, டாப் வெயிட், அதாவது அந்த கிளாஸ்ல உச்ச ரேட்டிங் குதிரை தூக்கறது, 60 கிலோன்னு வெச்சுக்கோங்க. 40-65ல ஓடுனா 49.5 கிலோ தான், ஆனா கூட ஓடறதெல்லாம் பெரிய கை. அதே குதிரை 20-45ல இறங்குனா 59.5 தூக்கணும், ஆனா எதிர்ல நிக்கிறது சின்ன குதிரைங்க. மேல் கிளாஸ்ல மூணு லெங்த்ல தோத்து அஞ்சாவது வந்த குதிரை கீழ வந்தா அது வேற ரேஸ். உங்க கேள்விக்கு பாதி பதில் இதுலயே இருக்கு.

அப்புறம் தூரம். 1200ல கடைசி 200 மீட்டர்ல பாய்ஞ்சு வர்ற குதிரைக்கு 1400 கொடுத்தா ஆளே மாறிடும். 1996ல கிண்டில இருந்த மெட்ராஸ் ரேஸ் கிளப் கேஸ்ல சுப்ரீம் கோர்ட் குதிரைப் பந்தயம் திறமை சார்ந்த ஆட்டம்னு சொல்லுச்சே, அந்த திறமைல இந்த படிப்பும் சேர்த்தி. 2024 செப்டம்பர்ல கிண்டி ரேஸ் கோர்ஸ் நிலத்தை அரசு எடுத்துக்கிட்டதை நினைச்சா இன்னும் மனசு ஆறல, அங்க நின்னு தான் நாங்கெல்லாம் கத்துக்கிட்டோம்.

காலை_டிராக்:
அண்ணன் சொன்னது சரி, ஆனா வெயிட்டை மட்டும் புடிச்சுக்கிட்டு உக்கார்ந்தா ஏமாந்துடுவீங்க, வீடியோ பார்க்காம ஃபார்ம் முழுசா வராது. ஒரே ரேஸை ரெண்டு தடவ பாருங்க. முதல் தடவ ஜெயிச்சதை, அடுத்த தடவ நீங்க ஏற்கனவே குறிச்சு வெச்ச குதிரைய மட்டும். கேட்ல லேட்டா கிளம்புச்சா, திரும்பும்போது வெளிய தள்ளிட்டாங்களா, நேர் ஓட்டத்துல முன்னாடி ரெண்டு குதிரை அடைச்சுக்கிட்டு வழி கிடைக்காம ஜாக்கி கடிவாளத்தை இழுத்தாரா. இதுல ஒண்ணும் புக்குல அஞ்சுங்கற நம்பர்ல தெரியாது. புல் தரைல ஒரு செகண்ட்னா சுமார் 6 லெங்த், அப்ப அரை செகண்ட் தடங்கலே 3 லெங்த் ஆகிடுது.

பேப்பர்ல வர்ற டிராக் வொர்க்கையும் (காலைல குதிரைங்க செய்ற பயிற்சி ஓட்ட விவரம்) விடாதீங்க. 600 மீட்டர் டைம் போட்டு பக்கத்துலயே நல்லா போச்சு, ஈஸியா போச்சு, அழுத்தி ஓட்டுனாங்கன்னு எழுதியிருப்பாங்க. டைமை விட அந்த வார்த்தை முக்கியம், அழுத்தி ஓட்டி வந்த 40 செகண்டும் கைய கட்டிக்கிட்டு வந்த 40 செகண்டும் ஒண்ணு இல்ல. மழை பேஞ்சிருந்தா பெனட்ரோமீட்டர் (தரை எவ்ளோ இளகியிருக்குன்னு அளக்கற கருவி) ரீடிங் பாருங்க, நம்பர் ஏறுனா தரை இளகியிருக்குன்னு அர்த்தம், சில குதிரைக்கு அது சுத்தமா ஒத்துக்காது.

ஓசூர்பையன்:
ரொம்ப நன்றி அண்ணா ரெண்டு பேருக்கும். அந்த 44 கணக்கு சட்டுனு புரிஞ்சிடுச்சு. ஒரு ரேஸ் கார்டுல எட்டு ரேஸ் வருதே, எல்லாத்தையும் இப்படி பார்க்க முடியுமா? இதுவரைக்கும் ஓடாத குதிரைங்க ரேஸை எப்படி படிக்கிறது?

பழைய_கிண்டி:
எல்லாத்தையும் தொடாதீங்க. 20-45, 40-65ல ஏற்கனவே நல்லா ஓடியிருக்கற குதிரைங்க இருக்கற ரேஸா ரெண்டு எடுங்க, ஒவ்வொரு குதிரைக்கும் ஒரு வரி நோட்டுல எழுதுங்க: கிளாஸ், வெயிட், தூரம், எத்தனை லெங்த், எதனால தோத்துச்சு. ரேஸ் முடிஞ்சதும் பக்கத்துல ரிசல்ட் எழுதுங்க. ஒரு சீசன் பூரா காசு வைக்காம இதை செய்ங்க, காசு வெச்சுட்டா ரேஸ் கண்ணுக்கு தெரியாது, நம்ம குதிரை மட்டும் தான் தெரியும்.

புது குதிரைங்க ரேஸ்ல ஃபார்ம்னு ஒண்ணே கிடையாது. மாக் ரேஸ்ல (பயிற்சிக்கு ஓட்டற ஒத்திகை ரேஸ்) எப்படி ஓடுச்சு, அப்பா அம்மா வகையறா ஸ்பிரிண்டா (குறைஞ்ச தூரம்) ஸ்டேயரா (நீண்ட தூரம்), டிரெய்னர் முதல் ஓட்டத்துலயே ரெடி பண்ற ஆளா, இவ்ளோ தான் கைல இருக்கும். இப்போதைக்கு வேடிக்கை மட்டும் பாருங்க. அதுல கடைசில நல்லா முடிச்ச குதிரைங்க பேரை மட்டும் குறிச்சுக்கோங்க, அடுத்த ரேஸுக்கு உங்க கைல ஃபார்ம் ரெடியா இருக்கும்.