புதுப்பிப்பு: அம்மாவின் மறதி, மூன்று மாதம் கழித்து

ஜனவரியில் எழுதியிருந்தேன்: 71 வயது அம்மா அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறக்கிறார், கேட்டதையே திரும்பக் கேட்கிறார், என்ன செய்யலாம் என்று. வல்லாரை, சுடோகு என்று நிறைய பேர் சொன்னீர்கள். முதலில் ரத்தப் பரிசோதனை செய்யச் சொன்ன இரண்டு பேருக்குத்தான் பெரிய நன்றி.

வைட்டமின் பி12 மிகக் குறைவு; மறதிக்கு அதுவும் ஒரு காரணமாகலாம். அம்மா சைவம், அதோடு சர்க்கரைக்குப் பன்னிரண்டு வருடமாக மெட்ஃபார்மின். அந்த மாத்திரை நாளடைவில் பி12 உடலில் சேர்வதைக் குறைக்கும் என்பது டாக்டர் சொல்லித்தான் தெரிந்தது. ஊசி போட்டார்கள், இப்போது மாத்திரை.

அப்புறம், காது. பாதி விஷயத்தை அவர் மறக்கவே இல்லை, காதில் விழவே இல்லை! மருத்துவ இதழான லான்செட்டின் 2024 அறிக்கை, மறதிநோய்க்கு நாம் மாற்றக்கூடிய 14 காரணங்களில் காது மந்தத்தையும் சேர்த்திருக்கிறது. கருவி வாங்கியாயிற்று. மிக்ஸி சத்தம் தாங்கவில்லை என்று முதல் வாரம் கழற்றிக் கழற்றி வைத்தார். இப்போது கூடத்தில் இருந்தே குக்கர் விசிலை எண்ணுகிறார்.

சுடோகு இரண்டு நாள்கூடத் தாங்கவில்லை. பரணிலிருந்து பல்லாங்குழியை இறக்கினேன். எந்தக் குழியில் எடுத்தால் எங்கே போய் முடியும் என்று சோழியைத் தொடாமலே கணக்குப் போட்டுவிடுகிறார். "அதுல எடுக்காதடா, எனக்குத்தான் லாபம்" என்று பேரனுக்கு எச்சரிக்கை வேறு.

வல்லாரைத் துவையலும் உண்டு, ருசிக்காக. சாவி இன்னும் தொலைகிறது. ஜூலையில் மறுபடி ரத்தம் எடுக்கணும்.