ஆயிரம் பேரிடம் கேட்டுவிட்டு அமெரிக்கா முழுக்க இப்படித்தான் என்கிறார்களே, எப்படி?

அம்பைக் கணக்குப்பிள்ளை:

அம்பாசமுத்திரத்தில் ஒரு நெல் மண்டியில் முப்பத்தொரு வருஷம் கணக்கு எழுதியவன் நான். போன வருஷம் டாலஸில் மகள் வீட்டில் ஐந்து மாதம் இருந்தேன். பக்கத்து வீட்டுக்காரருக்கு என் வயசுதான், லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். சாயங்காலம் அவர் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்காருவோம். என் இங்கிலீஷை வைத்து ஒப்பேற்றுவேன்.

ஒருநாள் அவருக்கு போன் வந்தது. ஏதோ கருத்துக்கணிப்பாம். இரண்டு வார்த்தை கேட்டார், வைத்துவிட்டார். தெரியாத நம்பரை எடுப்பதே இல்லையாம், அன்றைக்குக் கை தவறி எடுத்துவிட்டாராம். ராத்திரி டிவியைப் போட்டால், அதிபரை இத்தனை சதவீதம் பேர் ஆதரிக்கிறார்கள் என்று கட்டம் கட்டமாகக் காட்டுகிறார்கள். கேட்டது சுமார் ஆயிரம் பேரிடம். ஜனத்தொகையோ 34 கோடி. இவரைப் போலப் போனை வைத்தவர்கள் எந்தக் கணக்கில் வருகிறார்கள்?

இன்னொரு சந்தேகமும் உண்டு. அவர் தன்னை ‘கன்சர்வேட்டிவ்’ என்பார். அரசாங்கம் சிறுத்துப்போக வேண்டும், வரி குறைய வேண்டும் என்பார். அதே வாயால், சோஷியல் செக்யூரிட்டி பென்ஷனிலும் மெடிகேர் வைத்தியத்திலும் எவனாவது கை வைத்தால் சும்மா விடமாட்டேன் என்பார். இரண்டும் அரசாங்கம் கொடுப்பதுதானே? இவரை எந்தப் பக்கம் பற்று வைப்பது?

ரதவீதிக்காரன்:

அண்ணாச்சி, ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம். இதற்கு டாலஸ் வரைக்கும் போகணுமா?

ஆனால் நம்ம ஊர்ச் சோற்றை மட்டும் நம்பிவிடாதீர்கள். 2024 ஜூன் 1 சாயங்காலம் டிவியில் பாதிப்பேர் மக்களவைத் தேர்தலில் தேசிய ஜனநாயகக் கூட்டணிக்கு 350 இடத்துக்கு மேல் என்று அடித்துச் சொன்னார்கள். 4ஆம் தேதி 293இல் வந்து நின்றது.

அம்பைக் கணக்குப்பிள்ளை:

தம்பி, சோறு ஒரே தண்ணீரில் வெந்தது. மூட்டை அப்படி இல்லையே. வாய்ப்பக்கம் அம்பை 16 நெல் பளபளவென்று இருக்கும், நடுவில் பதரும் ஈரமும் கிடக்கும். குத்தூசியை அடிவரைக்கும் இறக்கிப் பார்க்காமல் எங்கள் முதலாளி விலை பேசமாட்டார். குத்தவே விடாத மூட்டையை என்ன செய்வது என்பதுதான் என் கேள்வி.

பாளை புள்ளியியல் டீச்சர்:

அண்ணாச்சி, குத்தூசியை என் வகுப்புக்கு எடுத்துக்கொள்கிறேன், கோபிக்கக் கூடாது.

மூட்டை எத்தனை என்பது பெரிய விஷயமே இல்லை. எல்லா மூட்டைக்கும் குத்துப்பட ஒரே அளவு வாய்ப்பு இருந்தால், ஆயிரம் பேரிடம் கேட்பதில் பிசகு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ 3 சதவீதப் புள்ளிக்குள் அடங்கும். அதுவும் இருபது தடவையில் பத்தொன்பது தடவை. திருநெல்வேலி மாநகராட்சிக்கும் அதே ஆயிரம்தான், அமெரிக்காவுக்கும் அதே ஆயிரம்தான். என் பிள்ளைகள் இதை நம்புவதற்கே ஒரு வாரம் ஆகும்.

எண்ணிக்கை பெரிசானால் போதும் என்று நினைத்துக் கெட்ட கதை ஒன்று உண்டு. 1936 அதிபர் தேர்தலுக்கு லிட்டரரி டைஜஸ்ட் என்ற பத்திரிகை சுமார் ஒரு கோடி அட்டைகளை அனுப்பியது. 20 லட்சத்துக்கு மேல் திரும்பி வந்தன. ரூஸ்வெல்ட்டை எதிர்த்து நின்ற லாண்டன் ஜெயிப்பார் என்றது பத்திரிகை. ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46ஐ அள்ளினார். விலாசம் எடுத்ததில் டெலிபோன் புத்தகமும் கார்ப் பதிவேடும் உண்டு, பொருளாதாரம் படுத்துக்கிடந்த காலம் அது, போனும் காரும் வைத்திருந்தவர்கள் பெரும்பாலும் வசதியானவர்கள். போதாததற்கு, அட்டையைத் திருப்பி அனுப்பியதே நாலில் ஒருத்தர்கூட இல்லை. அதைவிட மிகச் சிறிய கூட்டத்தைக் கேட்ட கருத்துக்கணிப்பாளர் ஜார்ஜ் காலப், ரூஸ்வெல்ட் என்று சரியாகச் சொன்னார்.

உங்கள் பக்கத்து வீட்டுக்காரர்தான் இப்போதைய தலைவலி. அமெரிக்காவில் கருத்துக்கணிப்பு நடத்தும் பியூ ஆய்வு மையம் போனில் கேட்டபோது 1997இல் 100க்கு 36 பேர் பதில் சொன்னார்கள், 2018இல் 6 பேர். அதனால் இப்போது குலுக்கலில் விலாசம் எடுத்துத் தபால் போட்டு ஆள் சேர்க்கிறார்கள். அப்புறம் வயது, படிப்பு, இனம் பார்த்து, குறைவாக வந்தவர்களின் பதிலுக்கு எடை கூட்டுவார்கள். 2016இல் ஹிலாரியும் டிரம்ப்பும் மோதிய அதிபர் தேர்தலில் பல மாநிலக் கணிப்புகள் படிப்புக்கு எடை போடவில்லை. கல்லூரி படித்தவர்கள் பதில் சொல்ல முன்வருகிறவர்கள், அவர்களில் ஹிலாரி ஆதரவாளர்கள் அதிகம். மிச்சிகன், விஸ்கான்சின், பென்சில்வேனியா மூன்று மாநிலங்களிலும் சேர்த்து 80,000 ஓட்டுக்கும் குறைவான வித்தியாசத்தில் டிரம்ப் அதிபரானார். நாடு முழுக்க எடுத்த கணிப்பு அவ்வளவு மோசமில்லை என்பதை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை.

ஆனால் எடை போட்டாலும் ஒரு ஓட்டை அடைபடாது. அதே வயது, அதே படிப்பு உள்ள இரண்டு பேரில் போனை எடுப்பவரும் வைப்பவரும் ஒரே மனசுக்காரர்கள்தானா? எடுத்தவரை வைத்துத்தான் வைத்தவரை ஊகிக்கிறோம்.

இரண்டாவது சந்தேகம் புதிசில்லை. லாயிட் ஃப்ரீ, ஹாட்லி கான்ட்ரில் என்ற இரண்டு கருத்துக்கணிப்பு ஆய்வாளர்கள் 1967லேயே இதை எழுதிவிட்டார்கள். தங்களை என்னவென்று அழைத்துக்கொள்வீர்கள் என்று கேட்டால் அமெரிக்கர்கள் ‘கன்சர்வேட்டிவ்’ என்ற வலது பக்கம் சாய்வார்கள், திட்டம் திட்டமாகக் கேட்டால் அரசு செலவழிக்கட்டும் என்ற இடது பக்கம். ‘வெல்ஃபேருக்கு’, அதாவது அரசு உதவித்தொகைக்கு, அரசு செலவு போதுமா என்று கேட்டால், ஏற்கெனவே அதிகம் என்பவர்கள் நிறைய. ‘ஏழைகளுக்கு உதவ’ என்று மாற்றிக் கேட்டால் போதாது என்பவர்கள் மளமளவென்று கூடிவிடுவார்கள். உங்கள் நண்பர் பொய் சொல்லவில்லை அண்ணாச்சி. அவரை இரண்டு பேரேட்டிலும் எழுதுங்கள்.

முக்கூடல் பெண்:

டீச்சர் 1936ஐச் சொன்னார்கள். நான் 1948 அதிபர் தேர்தலைச் சொல்கிறேன், ஏனென்றால் அந்தக் கணிப்பைக் கெடுத்ததில் என்னைப் போன்ற களப்பணியாளர்களுக்கும் பங்கு உண்டு.

2021 தேர்தலுக்கு முன்னால் ஒரு கம்பெனிக்காக வீடு வீடாகப் போனேன். பெண்கள் இத்தனை, முப்பதுக்குக் கீழே இத்தனை என்று கணக்குக் கொடுத்துவிடுவார்கள். ஆளை நாமே பிடிக்க வேண்டும். பங்குனி வெயில். நாய் இருக்கிற வீட்டுக்குப் போக மாட்டேன், மாடி ஏற மாட்டேன். பீடி சுற்றுகிற அக்காமார் நாலைந்து பேர் ஒரே திண்ணையில் இருப்பார்கள், தண்ணீரும் கொடுப்பார்கள். ஒரே இடத்தில் ஐந்து படிவம் முடிந்துவிடும். ஒருத்தி சொன்னதையே மற்றவர்களும் சொல்வார்கள். வீட்டுக்காரர் வாசலில் வந்து நின்றால் அதுவும் போச்சு, “அவுக சொல்றதுதான்.”

1948இல் அமெரிக்காவிலேயும் இதே மாதிரி இத்தனை பேர் என்று கணக்குக் கொடுத்து அனுப்பும் முறைதான். கேட்கப் போனவர்கள் தங்களுக்கு வசதியான ஆட்களாகப் பிடித்தார்கள், கடைசி வாரங்களில் கேட்பதையும் நிறுத்திவிட்டார்கள். ட்ரூமனை எதிர்த்து நின்ற டூயி ஜெயித்தார் என்று சிகாகோ டிரிப்யூன் பத்திரிகை தலைப்பே போட்டுவிட்டது. அந்தப் பேப்பரைத் தூக்கிப் பிடித்துச் சிரிக்கிறாரே ஒருவர், அவர்தான் ஜெயித்த ட்ரூமன்.

அம்பைக் கணக்குப்பிள்ளை:

டீச்சர், நீங்கள் சொன்ன தபால் முறையைப் பற்றி மகளிடம் சொன்னேன். அவள் பக்கத்து வீட்டுக்காரரிடம் விசாரித்திருக்கிறாள். அவருக்கும் ஒருமுறை வந்ததாம், உள்ளே இரண்டு டாலர் வைத்து. டாலரை எடுத்துக்கொண்டாராம். தாள் என்ன ஆச்சு என்று கேட்டதற்குச் சிரித்தாராம்.