நுண்குடலுறிஞ்சிக்கு மாற்றுச்சொல் வேண்டும்

மொழிபெயர்ப்பாளர்:
அனைவருக்கும் வணக்கம். உயிரியல் பாடநூல் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது, ஒரு சொல்லில் நிற்கிறேன். சிறுகுடலின் உட்சுவரில் 0.5 முதல் 1 மி.மீ. வரை விரல் போல உயர்ந்து நின்று செரித்த சத்தை ஏற்கும் வில்லஸுக்குத் தமிழகப் பாடநூலில் ‘குடலுறிஞ்சி’, இலங்கையில் ‘சடைமுளை’. அதன் செல்கள் ஒவ்வொன்றின் மேலும் சுமார் 1 மைக்ரோமீட்டர் உயரத்தில் ஆயிரக்கணக்கில் நிற்கும் மைக்ரோவில்லஸை என்ன சொல்வது? ‘நுண்குடலுறிஞ்சி’ என்று போட்டேன். படித்துப் பார்த்த மாணவி, “நுண்குடல் எங்கே இருக்கிறது?” என்று கேட்டாள்.

மருத்துவர்:
தம்பி, எனக்கு ‘உறிஞ்சி’ மேலேயே குறை. அங்கே எதுவும் உறிஞ்சவில்லை. குளுக்கோஸ் சோடியத்தோடு சேர்ந்து ஒரு கடத்திப் புரதம் வழியாகச் செல்லுக்குள் போகிறது. அந்தச் சோடியத்தை வெளியே தள்ள ஆற்றல் செலவாகிறது. கொழுப்பின் கதை வேறு. செல்லுக்குள் மறுபடி டிரைகிளிசரைடு என்ற கொழுப்பு மூலக்கூறாகி, கைலோமைக்ரான் என்ற நுண்துகளாகக் கட்டப்பட்டு, முதலில் நிணநீருக்குத்தான் போகிறது, இரத்தத்துக்கு அல்ல. ‘உள்வாங்கல்’ என்று சொன்னால் எல்லாம் அடங்கும்.

தமிழாசிரியர்:
அம்மா, கடல் உள்வாங்கியது என்றால் பின்வாங்கியது என்று பொருள். அதே சொல்லை இங்கே போடலாமா? வள்ளுவரைப் பாருங்கள்: ‘அருந்தியது அற்றது போற்றி உணின்’. செரித்ததை ‘அற்றது’ என்கிறார். மாவுச்சத்து குளுக்கோஸாகவும் புரதம் அமினோ அமிலமாகவும் அறுபடுவதை நினைத்தால் அந்த ‘அறு’ எனக்குத் தித்திக்கிறது. அறுந்தது குடற்சுவருக்குள் புகுவதற்குச் ‘சுவறல்’ என்போம். நீர் மணலில் சுவறுகிறது, சத்து சுவரில் சுவறுகிறது. சுவர், சுவறு இரண்டுக்கும் உறவு உண்டோ என்று வெகுநாளாக ஓர் எண்ணம், அதைத் தனி மடலில் எழுதுகிறேன்.

மருத்துவர்:
ஐயா, சுவறல் தானாக நடப்பது. ஆற்றல் செலவழித்துச் செல் செய்யும் வேலையை அது மறைத்துவிடும்.

இலங்கையிலிருந்து ஓர் ஆசிரியை:
எங்கள் பிள்ளைகள் ‘நுண்சடைமுளை’ என்று இயல்பாகவே எழுதுகிறார்கள். இலத்தீனில் வில்லஸ் என்றால் சடைத்த மயிர், ஆகவே மூலப்பொருளும் கெடவில்லை. சிலர் ‘சடைமூளை’ என்று எழுதிவிடுவார்கள், அதற்குத் திருத்தினால் போதும்.

தனித்தமிழ் அன்பர்:
சடை, ‘ஜடா’ என்ற வடசொல்லிலிருந்து வந்தது. வேண்டாம்.

தமிழாசிரியர்:
ஜடா ஏன் சடையிலிருந்து போயிருக்கக் கூடாது? நூறு மடல் எழுதினாலும் தீராது, விடுங்கள். அப்புறம் ஒன்று: மைக்ரோவில்லஸ் சிறுநீரக நுண்குழல் செல்களிலும் உண்டு என்று படித்தேன். அப்படியானால் ‘குடல்’ என்ற முன்னொட்டே தவறு. ‘தனிக்குறில்முன் ஒற்று உயிர்வரின் இரட்டும்’ என்பது நன்னூல் விதி, எனவே நுண் + உறிஞ்சி = நுண்ணுறிஞ்சி. மாணவியின் குழப்பமும் தீரும்.

மொழிபெயர்ப்பாளர்:
சரி. நான்கு பேர் நுண்ணுறிஞ்சிக்கு, இருவர் நுண்சடைமுளைக்கு. நூலில் நுண்ணுறிஞ்சி என்று போட்டு, முதல் இடத்தில் மட்டும் இலங்கை வழக்கையும் சேர்க்கிறேன்.

மருத்துவர்:
அச்சுக்கு அனுப்புங்கள் தம்பி, தடுக்கவில்லை. ஆனால் என் மறுப்பைப் பதிந்து வையுங்கள். உட்காதில் ஒலியை உணரும் மயிர்ச்செல்களின் மேல் நிற்பவையும் உருமாறிய மைக்ரோவில்லஸ்களே. காது அத்தியாயத்துக்கு வரும்போது, அவை எதை உறிஞ்சுகின்றன என்று அதே மாணவி கேட்பாள்.