மறு: ‘மாஸ்டர்மைண்ட்’, ‘அட்ரிபியூஷன்’: அரசியல் கொலை ஆய்வுக்கான சொற்கள்

குழுவினர்க்கு வணக்கம். கொலையின் பின்னிருந்து செய்வித்தவர் ‘மாஸ்டர்மைண்ட்’, கொலையை இன்னார் செய்ததாகச் சொல்வது ‘அட்ரிபியூஷன்’. இரண்டுக்கும் தமிழ்ச் சொல் கேட்டதற்கு ஒருவர் எழுதியது:

> முதலாவதற்குச் ‘சூத்திரதாரி’, இரண்டாவதற்குப் ‘பழிசுமத்தல்’ போதுமே.

சூத்திரதாரி செய்தித்தாளுக்குச் சரி. ஆணையிட்டவர், திட்டம் தீட்டியவர், பணம் தந்தவர் மூவரையும் அது ஒன்றாக்கிவிடுகிறது. ‘பழிசுமத்தல்’ வேண்டவே வேண்டாம். பழி என்றதும் பொய்க்குற்றம் என்ற சாயல் வந்துவிடும்.

மூன்றாம் வேற்றுமையில் இயற்றுதல் கருத்தா, ஏவுதல் கருத்தா என்று படித்திருக்கிறோம். சிற்பம் தச்சனால் செய்யப்பட்டது. கோயில் அரசனால் கட்டப்பட்டது. ‘இன்னாரால் கொல்லப்பட்டார்’ என்ற வாக்கியத்திலும் இதே மயக்கம்தான். சுட்டவரை இயற்றுநர், செய்வித்தவரை ஏவுநர் என்போம்.

---

ஐயா, ஏவுநர் அருமை. ‘ஏவுகணை’ புழங்குவதால் பில்லி, ஏவல் நினைவு குறுக்கிடாது. ஆனால் இயற்றுநர் என்றால் பாட்டு எழுதியவர் என்றே தோன்றும். தாக்குநர் எனலாமா?

மூன்றாவதாக ஆதாயர் வேண்டும்: கொலையால் பலன் பெறக்கூடியவர். ‘பயனாளர்’ கணினிக்காரர்களிடம் போய்விட்டது. ஊகங்கள் பெரும்பாலும் ஆதாயரையே ஏவுநர் என்று எழுதிவிடுகின்றன. லெபனானின் முன்னாள் பிரதமர் ரஃபீக் ஹரீரி 2005 பிப்ரவரி 14 அன்று பெய்ரூட்டில் குண்டுவெடிப்பில் கொல்லப்பட்டார். அன்றே ஒரு காணொளி பொறுப்பேற்றது. அது பொய் என்று இவ்வழக்குக்கென அமைந்த சிறப்புத் தீர்ப்பாயம் பின்னர் முடிவுசெய்தது. அவ்வாண்டு கைதான நான்கு தளபதிகள் போதிய சான்றின்றி 2009இல் விடுதலையானார்கள். 2020 தீர்ப்பு ஒருவரையும், 2022 மேல்முறையீடு மேலும் இருவரையும் குற்றவாளிகள் என்றன. சிரியாவுக்கும் லெபனானின் ஆயுத இயக்கமான ஹிஸ்புல்லாவுக்கும் நோக்கம் இருந்திருக்கலாம் என்ற 2020 தீர்ப்பு, ஹிஸ்புல்லா தலைமையின் பங்குக்குச் சான்றில்லை, சிரியாவின் பங்குக்கு நேரடிச் சான்றில்லை என்றும் பதிந்தது. தாக்குதலில் பங்குகொண்டவர்கள் நிறுவப்பட்டார்கள், ஏவுநர் நிறுவப்படவில்லை.

ஆகவே ‘அட்ரிபியூஷன்’ ஒரே சொல்லாக வேண்டாம். நோக்கத்தையும் ஆதாயத்தையும் வைத்துச் சொன்னால் ஏவுநர் ஊகம். ஆணை, பணம், தொடர்பு மூன்றில் ஒன்றாவது தாக்குநர் வரை அறுபடாமல் வந்தால் ஏவுநர் நிறுவல்.

ஹரீரி வழக்கின் முதன்மைச் சான்றுக்கும் சொல் தேவை. ஒருவர் சொந்தக் கைப்பேசியையும் இரகசியக் கைப்பேசியையும் கூடவே வைத்திருந்தால், இரண்டும் ஒரே நேரங்களில் அடுத்தடுத்த கைப்பேசிக் கோபுரங்களில் பதிவாகும். இதை உடன்நகர்வு ஒப்பீடு என்கிறேன். கோபுரம் காட்டுவது பரப்பைத்தான், ஆளை அல்ல. நெரிசலான ஊரில் ஓரிரு பொருத்தங்கள் தற்செயலாகவும் அமையும். பல நாள் பதிவு வேண்டும்.

---

தாக்குநர், ஏவுநர், ஆதாயர் மூன்றும் ஏற்பு. ‘சதி’யை ஏவுநருடன் சேர்க்காதீர்கள். அமெரிக்க அதிபர் கென்னடி கொலையை ஆஸ்வால்ட் என்பவர் தனியாகச் செய்தார் என்றது அதை விசாரித்த வாரன் ஆணையம் (1964). 1979இல் அமெரிக்கக் கீழவைக் குழு, இரண்டாவது துப்பாக்கிக்காரரும் சுட்டிருக்கலாம், சதி இருந்திருக்கக்கூடும் என்றது. அந்த இரண்டாமவர் யாரென்று அதனால் சொல்ல முடியவில்லை. அது பெரிதும் நம்பிய ஒலிப்பதிவுச் சான்றை 1982இல் தேசிய அறிவியல் கழகக் குழு மறுத்தது. நிறுவலும் சரியக்கூடியது என்பதால், எந்த அமைப்பு, எந்த ஆண்டு, எந்தச் சான்று என்ற மூன்றும் பதிவிலேயே இருக்கட்டும்.

பொய்யாகப் பொறுப்பேற்பதற்குப் பொய்ப்பொறுப்பேற்பு என்று இடுகிறேன். பிறர் செய்ததுபோல் தடயம் விட்டுச்செல்வது வேறு வினை. ‘ஃபால்ஸ் ஃபிளாக்’ எனப்படும் அதற்குப் ‘பொய்க்கொடி’ ஒத்துவருமா?